ஜெர்மேன் துலாக் யார்? முதல் சர்ரியலிசப் படத்தை எடுத்தது அவரா, புனுவலா?

கேள்வி இதுதான்: ஒரு திரைப்படச் சங்கத்தில் ஸ்பானிய இயக்குநர் புனுவலும் ஓவியர் டாலியும் சேர்ந்து செய்த ‘ஆண்டலூசிய நாய்’ படத்தைத் திரையிட்டு, உலகின் முதல் சர்ரியலிசப் படம் (கனவைப்போல் தர்க்கத்தை மீறி ஆழ்மனதைக் காட்ட முயன்ற கலை இயக்கம் சர்ரியலிசம்) இது என்று அறிமுகம் செய்திருக்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மெல்லக் குனிந்து, “அதற்கு முன்பே ஜெர்மேன் துலாக் என்ற அம்மாள் ஒன்று எடுத்துவிட்டார்” என்றிருக்கிறார். யார் சொல்வது சரி, யார் அந்த அம்மாள், எந்தப் படத்தில் தொடங்குவது?

தேதியை மட்டும் கேட்டால் பக்கத்து இருக்கைக்காரர் சொன்னதுதான் சரி. துலாக்கின் ‘கிளிஞ்சலும் பாதிரியாரும்’ பாரிஸில் ஸ்தூதியோ தே உர்சுலீன் என்ற சின்னத் திரையரங்கில் 1928 பிப்ரவரி 9 அன்று திரையிடப்பட்டது. ‘ஆண்டலூசிய நாய்’ அதே அரங்கில் 1929 ஜூன் 6 அன்று வந்தது. பதினாறு மாத இடைவெளி. அப்படியும் பிந்தி வந்த படத்தைத்தான் எல்லோருக்கும் தெரிகிறது. அதற்குக் காரணம் பிப்ரவரி 9 இரவு நடந்த கலாட்டா. அதற்கு வருகிறேன். முதலில் ஆளைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் துலாக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த ஒரு இரவிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நெடுநாள் மனத்தாங்கல் உண்டு.

பிறந்தது 1882 நவம்பர் 17, வட பிரான்சின் அமியான் நகரில். அப்பா குதிரைப்படை அதிகாரி. ஊர் ஊராக மாற்றல் ஆகும் வேலை என்பதால் பெண்ணைப் பாரிஸில் பாட்டி வீட்டில் விட்டார்கள். இசை, நாடகம், ஒளிப்படம் என்று வளர்ந்த பெண். 1905இல் லூயி அல்பேர் துலாக் என்ற வேளாண் பொறியாளரைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த ஆண்டே ‘லா பிரான்சேஸ்’ என்ற பெண்ணுரிமை இதழில் எழுத ஆரம்பித்து, சாதனைப் பெண்களைப் பற்றிய அறிமுகங்கள், நாடக விமர்சனங்கள் என்று பல ஆண்டுகள் எழுதினார். பிரான்சில் பெண்களுக்கு அப்போது வாக்குரிமை கிடையாது. அது வந்தது 1944இல். துலாக் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே போய்விட்டார்.

சினிமாவுக்குள் நுழைந்தது ஒரு தோழியின் கையைப் பிடித்து. ஸ்தாசியா நாப்பியர்கோவ்ஸ்கா அன்றைக்குப் பெயர்பெற்ற நடனக்காரி, நடிகை. 1914இல் அவர் படப்பிடிப்புக்காக இத்தாலி போனபோது துலாக்கும் கூடவே போனார். படம் எப்படி எடுக்கிறார்கள் என்று அங்கே ஓரமாக நின்று பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் அவருடைய பாடசாலை. திரும்பி வந்து 1915இல், போர் நடந்துகொண்டிருந்தபோது, கவிஞர் இரேன் இலெல் எர்லாஞ்சேயுடன் சேர்ந்து சொந்தமாக ஒரு படக் கம்பெனி தொடங்கினார். பிரான்சில் இவருக்கு முன் படம் இயக்கிய பெண் என்று சட்டென்று நினைவுக்கு வருகிறவர் ஆலிஸ் கி ஒருவர்தான்.

தொடக்க காலப் படங்களை வேகமாகத் தாண்டலாம். பல கிடைப்பதும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: விமர்சகர் லூயி தெலுக் கதை எழுத, துலாக் இயக்கிய ‘ஸ்பானியத் திருவிழா’. இன்று சில துண்டுகளே மிஞ்சியிருக்கின்றன. ஆனால் பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் சினிமா என்று பிற்பாடு அழைக்கப்பட்ட போக்கின் தொடக்கம் அந்தப் படம்தான் என்பார்கள். தெலுக், ஏபெல் கான்ஸ், மார்செல் லெர்பியே, ழான் எப்ஸ்டீன், துலாக் ஆகியோர்தான் அந்த வட்டம். நாடகத்தைப் படம்பிடிப்பதையும் நாவலுக்குப் படம் போடுவதையும் விட்டுவிட்டு, மனசுக்குள் ஓடுவதைக் கேமராவால் நேரே காட்ட முடியுமா என்று பார்த்தவர்கள். 1920இல் துலாக்குக்கு விவாகரத்து ஆனது. அந்தச் சமயத்தில் அமெரிக்கா போய் அங்கே புகழ்பெற்ற இயக்குநர் கிரிஃபித்தைச் சந்தித்துப் பேட்டி எடுத்து வந்து எழுதினார். கூடவே பிழைப்புக்காகத் தொடர்படங்களும் எடுத்தார். வாரம் ஒரு பாகமாகத் திரையரங்கில் ஓடும், நம் வாரப் பத்திரிகைத் தொடர்கதை மாதிரியான சரக்கு. அதை அவர் மட்டமாக நினைக்கவில்லை. அந்தப் படங்களுக்குள்ளும் மயக்க மருந்து கொடுக்கப்பட்டவளின் பார்வை என்று சாக்கு வைத்து, காட்சியைக் கோணல்மாணலாக்கிச் சோதனை செய்துவிடுவார்.

இனி ‘புன்னகைக்கும் மதாம் பூதே’. 1923, ஓடும் நேரம் முக்கால் மணிக்குள். துலாக்கின் ஒரே ஒரு படத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் இதைப் பாருங்கள்.

தெனி அமியேல், ஆந்த்ரே ஒபே இருவரும் எழுதிய மேடை நாடகம்தான் மூலம். கதையைச் சொன்னால் ஒன்றுமே இல்லை. நாட்டுப்புற டவுன் ஒன்றில் ஒரு ஜவுளி வியாபாரி, அவர் மனைவி. அவருக்குக் கணக்கு, துணி, சத்தமான சிரிப்பு. அவளுக்குப் பியானோ, புத்தகம், ஜன்னல். கோபம் வந்தால், வேடிக்கையாக நினைத்துக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து குண்டில்லாத துப்பாக்கியை எடுத்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டுக்கொள்வதுபோல் நடிப்பது அவர் வழக்கம். ஒருநாள் இரவு அவர் நண்பர்களோடு ஆபரா பார்க்கப் போகிறார். அவள் வர மறுக்கிறாள். போகும்போது பியானோவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். தனியாக உட்கார்ந்திருப்பவள் துப்பாக்கியில் நிஜக் குண்டைப் போட்டு வைக்கிறாள். விடிந்ததும் பயம் பிடித்துக்கொள்கிறது. எடுத்துவிடலாம் என்றால் வாய்ப்பே அமையவில்லை. அவர் வீட்டுச் செலவு விஷயத்தில் கத்த ஆரம்பிக்கிறார், இழுப்பறையைத் திறக்கிறார், இந்த முறை என்ன தோன்றியதோ துப்பாக்கியை அவள் பக்கம் திருப்பி விசையை அழுத்துகிறார். குறி தப்பிவிடுகிறது. அவள் தன்னைத்தானே சுட்டுக்கொள்ளத்தான் குண்டு போட்டிருக்கிறாள் என்று முடிவுகட்டி, ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு, நீ இல்லாமல் நான் எப்படி வாழ்வேன் என்று உருகுகிறார். அவள் முகத்தைப் பாருங்கள். ஜெர்மேன் தெர்மோஸ் என்ற நடிகை. தப்பித்தோம் என்ற நிம்மதிகூட அந்த முகத்தில் இல்லை. இந்த மனிதருக்குக் கடைசிவரை நாம் யாரென்றே தெரியப்போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்ட நொடி அது.

இதில் எது நவீனம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது பூச்சாடியை. மேஜை நடுவில் ஒரு பூச்சாடி. அவர் வருகிறார், அதைச் சரிநடுவில் வைக்கிறார். அவர் போனதும் அவள் வந்து ஓரமாக, கொஞ்சம் சாய்த்து நகர்த்துகிறாள். திரும்பி வருகிற அவர் மறுபடி நடுவில் வைக்கிறார். சண்டை இல்லை, வசன அட்டை இல்லை. ஒரு தாம்பத்தியத்தின் மொத்தக் கதையும் முப்பது சென்டிமீட்டர் இடத்துக்குள் நடந்துவிடுகிறது. நம் வீடுகளிலும் அடுப்படியில் உப்பு ஜாடி எங்கே இருக்க வேண்டும் என்பதில் இப்படி ஒரு யுத்தம் ஆண்டுக்கணக்கில் நடக்கும். பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கேமரா செய்யும் வேலையும் அதே நோக்கத்தில்தான். அவள் பியானோவில் இசையமைப்பாளர் தெபூசியின் இசையை வாசிக்கும்போது நீர்ப்பரப்பில் ஒளி அலையும் காட்சிகள் குறுக்கே வருகின்றன. பத்திரிகையில் டென்னிஸ் வீரன் ஒருவன் படத்தைப் பார்க்கிறாள். அவன் தாளிலிருந்து எழுந்து வந்து கணவனைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். கார் விளம்பரத்தைப் பார்த்தால் அந்தக் கார் மேகத்தின்மேல் ஓடுகிறது. கணவன் முகம் அவள் நினைப்பில் பூதாகாரமாக இளித்துக்கொண்டு வருகிறது. இதெல்லாம் இன்று கைப்பேசியில் ஒரு தட்டலில் வந்துவிடும். அன்றைக்கு ஒரு படத்தின்மேல் இன்னொன்று தெரிய வேண்டும் என்றால், எடுத்த பிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னோக்கிச் சுற்றி அதன்மேல் மறுபடி எடுக்க வேண்டும். கணக்குத் தப்பினால் இரண்டும் போச்சு. மெதுவாக நகர வேண்டும் என்றால் கைப்பிடியை வேகமாகச் சுற்ற வேண்டும். முகம் கோணலாக வேண்டும் என்றால் லென்ஸிலோ கண்ணாடியிலோ வித்தை செய்ய வேண்டும். துலாக்கிடம் எனக்குப் பிடித்தது, இந்த வித்தைகள் எப்போதும் யாரோ ஒருவருடைய மனசுக்குள்ளிருந்து வருகின்றன. மதாம் பூதேயின் கணவனுக்கு இந்த மாதிரிக் கற்பனைகள் அதிகம் தரப்படுவதில்லை. அவளுக்குத்தான் உள்மனம் என்று ஒன்று இருக்கிறது. அதுவே ஒரு தீர்ப்பு.

1927இல் வந்த ‘பயணத்துக்கு அழைப்பு’ பொதலேரின் கவிதையிலிருந்து கிளம்பியது. வீட்டில் சலித்துப்போன ஒரு பெண் கப்பல் மாதிரி அலங்கரித்த மதுக்கூடத்துக்கு இரவில் போகிறாள், கடற்படை அதிகாரி ஒருவனோடு நடனமாடுகிறாள், கடலும் தொலைதூரமும் அவள் கண்ணில் விரிகின்றன. அவளுக்குக் குழந்தை இருப்பது தெரிந்ததும் அவன் விலகிப் போய்விடுகிறான். அவ்வளவுதான். நல்ல படம், ஆனால் மதாம் பூதேயின் கூர்மை இதில் இல்லை என்பது என் எண்ணம்.

சரி, அந்த இரவுக்கு வருவோம்.

கதையை எழுதியவர் அந்தோனின் ஆர்த்தோ. கவிஞர், நடிகர், பிற்பாடு குரூர அரங்கு என்ற கருத்தால் உலக நாடகத்தையே உலுக்கியவர். அந்தக் காலத்தில் டிரையரின் ஜோன் ஆஃப் ஆர்க் படத்தில் துறவியாக நடித்தவரும் இவரே. அவர் எழுதிய ‘கிளிஞ்சலும் பாதிரியாரும்’ துலாக் கைக்கு வந்து, 1927இல் படமானது. பாதிரியாக அலெக்ஸ் அலேன், பெண்ணாக ஜெனிக்கா அதனாசியூ, அதிகாரியாக லூசியன் பத்தாய். முதல் காட்சியில் ஒரு பாதிரி பெரிய கிளிஞ்சலால் ஏதோ கருந்திரவத்தை மொண்டு கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றுகிறார். ஊற்றியதும் குடுவையைக் கீழே போட்டு உடைக்கிறார். அடுத்தது, அடுத்தது என்று தரை முழுக்கச் சில்லு. பின்னால் மார்பெல்லாம் பதக்கம் தொங்க ஓர் அதிகாரி மெல்ல வந்து கிளிஞ்சலைப் பிடுங்கி வாளால் வெட்டி நொறுக்குகிறான். அப்புறம் பாதிரி நாலு காலில் தவழ்ந்தபடி பாரிஸ் தெருக்களில் அவர்களைத் துரத்துகிறார். பாவசங்கீர்த்தனக் கூண்டு, முடியாத நடைபாதைகள், நீண்டுகொண்டே போகும் அங்கி, இரண்டாகப் பிளக்கும் முகம். அதிகாரம், மதம், அடக்கிவைத்த ஆசை மூன்றும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடிக்கின்றன. அதற்குமேல் கதை கேட்கக் கூடாது.

படப்பிடிப்பில் தானும் இருக்க வேண்டும், பாதிரியாகத் தானே நடிக்க வேண்டும் என்பது ஆர்த்தோவின் ஆசை. இரண்டும் நடக்கவில்லை. அதோடு, படத்தை ‘அந்தோனின் ஆர்த்தோவின் கனவு’ என்று துலாக் தரப்பு அறிவித்தது அவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. இது கனவின் நகல் இல்லை; கனவு இயங்குவதுபோல் இயங்கும் வேறொன்று, கனவு என்று பெயர் வைத்தால் பார்ப்பவன் ‘சும்மா கனவுதானே’ என்று தப்பித்துவிடுவான் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். 1927 நவம்பரிலேயே கதையை ஒரு முன்னுரையோடு பத்திரிகையில் வெளியிட்டுத் தன் கட்சியைச் சொல்லிவிட்டார்.

ஆக, திரையிட்ட அன்று சர்ரியலிஸ்டுகள் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். படம் ஓட ஓடக் கூச்சல். “இந்தப் படத்தை எடுத்தது யார்?” என்று ஒரு குரல். “மதாம் ஜெர்மேன் துலாக்.” “மதாம் துலாக் என்றால் யார்?” “ஒரு பசு.” இப்படி ஒரு கேள்வி-பதில் நடந்ததாகத்தான் கதை வழங்குகிறது. யார் கேட்டது, யார் சொன்னது, ஆர்த்தோ எவ்வளவு தூரம் உடன்பட்டார் என்பதெல்லாம் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். நமக்குப் பசு என்றால் சாது, லட்சுமி. பிரெஞ்சில் ஒரு பெண்ணை அப்படிச் சொல்வது சபையில் சொல்லக்கூடாத வசவு. பிறகு தள்ளுமுள்ளு, வெளியேற்றம்.

இந்த வசவு படத்தைவிட நீண்டநாள் உயிரோடு இருந்துவிட்டது. ‘ஆர்த்தோவின் கதையைக் கெடுத்த பெண்’ என்ற ஒரு வரியில் அவர் வரலாற்றுப் புத்தகங்களில் அடைபட்டார். வேடிக்கை என்னவென்றால், சில ஆண்டுகள் கழித்துப் புனுவலும், கவிஞரும் இயக்குநருமான கோக்தோவும் புகழ்பெற்றபோது, அவர்களுக்கெல்லாம் முன்னோடி என் கிளிஞ்சல்தான் என்று ஆர்த்தோவே உரிமை கொண்டாடினார். தோற்றால் துலாக் கெடுத்தது, ஜெயித்தால் என் படம்! பிரிட்டிஷ் தணிக்கைக் குழு இதைவிட நேர்மை. படத்தைத் தடை செய்தபோது அவர்கள் சொன்ன காரணம் ஏறக்குறைய இப்படி: படம் கிட்டத்தட்ட அர்த்தமே இல்லாத அளவுக்குப் புதிராக இருக்கிறது, அர்த்தம் ஏதாவது இருந்தால் அது நிச்சயம் ஆட்சேபத்துக்குரியது.

அப்படியானால் எது முதல் சர்ரியலிசப் படம்? துலாக்கை அந்தக் கோஷ்டி ஏற்கவில்லை, அவரும் உறுப்பினர் ஆகவில்லை. புனுவலை ஏற்றுக்கொண்டது. கட்சி உறுப்பினர் அட்டையை வைத்துப் பார்த்தால் புனுவல், திரையில் இருப்பதை வைத்துப் பார்த்தால் துலாக். நான் இரண்டாவது கணக்கைப் பார்ப்பவன். ஆனால் துலாக்கிடமே கேட்டிருந்தால், அந்தப் பட்டம் எனக்கு எதற்கு என்றிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் கவனம் அப்போது வேறு பக்கம் போயிருந்தது.

தூய சினிமா என்பார்கள். கதை, நடிகர், நாடகம், இலக்கியம் எல்லாவற்றையும் உரித்துவிட்டால் சினிமாவில் மிஞ்சுவது என்ன? ஒளியும் அசைவும் தாளமும். இதை அவர் கண்ணால் பார்க்கும் சிம்ஃபனி என்றார். 1927இல் இதற்கென்றே ‘ஸ்கேமா’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். ஒரே இதழோடு நின்றது. சிறுபத்திரிகை நடத்திய நண்பர்கள் உள்ளவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. 1928, 29இல் மூன்று குறும்படங்கள் செய்தார். ஒன்றில் ஷோப்பனின் இசைத்தட்டு சுழல்கிறது; சுழலும் தட்டின்மேல் ஒளிக்கீற்றுகள் ஓடுகின்றன. இன்னொன்றில் பாலே ஆடும் பெண்ணின் கை அசைவும் எந்திரச் சக்கரத்தின் அசைவும் மாறி மாறி. மூன்றாவதில் தெபூசியின் ‘அரபெஸ்க்’ என்ற பியானோ இசையை மனதில் வைத்து நீரூற்று, சிலந்தி வலை, கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில். மூன்றும் இசையைப் பற்றிய படங்கள், மூன்றிலும் ஒலி கிடையாது. இசையைக் காதில் வாங்காமல் கண்ணால் வாங்க வைக்க முடியுமா என்பதுதான் பந்தயம். இப்போது இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் யாராவது பின்னணி இசை சேர்த்து வைத்திருப்பார்கள். ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

இதே காலத்தில் அவர் கையாண்ட இன்னொரு சமாச்சாரம், அவரை எனக்கு மிகவும் நெருக்கமாக்கியது: ஓர் அவரை விதை முளைக்கும் படம். இடைவெளி விட்டு இடைவெளி விட்டு ஒவ்வொரு சட்டமாக எடுத்து ஓட்டினால், நாட்கணக்கான வளர்ச்சி நிமிடங்களுக்குள் நடந்துவிடும். விதை வெடிக்கிறது, முளை தலையை நீட்டுகிறது, மண்ணோடு முட்டுகிறது, தடுமாறுகிறது, நிமிர்கிறது. ஆய்வுக்கூடத்துக்காக இப்படி எடுக்கப்படும் படங்களைத்தான் தூய சினிமாவுக்கு எடுத்துக்காட்டாக அவர் சொற்பொழிவுகளில் சொன்னார். நடிகர் யாரும் இல்லை, ஆனால் நாடகம் இருக்கிறது. வெறும் கண்ணால் பார்க்க முடியாத அசைவைக் காட்டுவதே சினிமாவுக்கு மட்டும் உள்ள வேலை என்பது அவர் எண்ணம். பூச்சாடியை நகர்த்தும் கையும் மண்ணைத் தள்ளும் முளையும் அவருக்கு ஒரே விஷயம்தான். அதனால்தான் அவருடைய ‘பெண்ணியப் படங்கள்’, ‘அவாங்கார்ட் (சோதனை) படங்கள்’ என்று இரண்டு பெட்டியாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பிறகு பேசும்படம் வந்தது. கேமராவின் சத்தம் ஒலிவாங்கியில் விழக்கூடாது என்று அதைச் சின்ன அறைக்குள் பூட்டினார்கள். சுழன்றாடிய கேமரா முளையடித்த மாடு ஆனது. செலவும் பல மடங்கு. சொந்தக் காசு, நண்பர் காசு என்று படம் எடுத்தவர்களுக்கு அத்தோடு கதவு சாத்தியது. துலாக்கின் கதைப்படப் பயணம் அங்கே முடிந்தது. ‘ஒலி வந்ததும் ஓய்ந்துபோனார்’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது பாதி உண்மை. அவர் கோமோன் நிறுவனத்துக்குப் போய், 1932இலிருந்து ‘பிரான்ஸ் ஆக்துவாலித்தே’ என்ற செய்திப்படத் தொடருக்குப் பொறுப்பேற்றார். திரையரங்கில் மெயின் படத்துக்கு முன் ஓடும் செய்திச்சுருள். நம் தலைமுறைக்கு ஃபிலிம்ஸ் டிவிஷன் என்றால் புரியும். அதை அவர் பதவி இறக்கமாகக் கருதவில்லை. நடிப்பில்லாத, நடப்பதை நடந்தபடி பிடிக்கும் செய்திப்படத்தில் அவர் தேடிய சினிமாவின் ஒரு பகுதி இருந்தது. பழைய செய்திச்சுருள்களை வெட்டி ஒட்டியே 1935இல் ‘வரலாற்றுக்குச் சேவை செய்யும் சினிமா’ என்றொரு படமும் செய்தார். வெட்டி ஒட்டும் வேலையை வரலாறு எழுதும் வேலையாகப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

இதற்கெல்லாம் இடையில் திரைப்படச் சங்கங்களுக்காகவும் ஓடியாடினார். பிரான்சின் சீனே கிளப் இயக்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர்; அவற்றின் கூட்டமைப்பில் பொறுப்பு வகித்தார். ஊர் ஊராகப் படச்சுருளோடு போய்ப் பேசினார், மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். கேள்வி கேட்டவரே ஒரு திரைப்படச் சங்கத்தில் உட்கார்ந்துதான் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார் என்பது பொருத்தம்தான்.

1942 ஜூலை 20 அன்று, ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில் இறந்தார். அவருடைய இரங்கல் கட்டுரை அச்சேறுவதற்குத் தணிக்கையோடு இழுபறி நடந்து மூன்று வாரம் தாமதமானதைத் திரை வரலாற்றாளர் சார்லஸ் ஃபோர்ட் பதிவு செய்திருக்கிறார். இருபதுகளிலிருந்து கடைசிவரை கூட வாழ்ந்த, உதவி இயக்குநராகவும் இருந்த மரி ஆன் மால்வில்தான் கையெழுத்துகளையும் குறிப்புகளையும் கட்டிக் காப்பாற்றினார். அது இல்லாவிட்டால் இன்றைக்கு அந்தப் பசுக் கதை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

பார்க்கும் வரிசை: முதலில் ‘மதாம் பூதே’. இரண்டாவதாக அந்த மூன்று குறும்படங்கள். எல்லாம் சேர்த்தே அரை மணிக்குள் அடங்கும். ‘கிளிஞ்சலும் பாதிரியாரும்’ கடைசியில். அதில் முதலில் இறங்கினால் ஆர்த்தோ சரியா துலாக் சரியா என்ற பஞ்சாயத்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கும், படம் கண்ணில் விழாது. மற்றதைப் பார்த்துவிட்டுப் போனால், குடுவைகள் ஒவ்வொன்றாக விழும் அந்த முதல் காட்சியில், விழும் வேகத்தையும் இடைவெளியையும் எண்ணத் தொடங்கிவிடுவீர்கள்.